பூனையைத் தூக்கிப் பார்த்த பையன்

கண்கட்டை அவிழ்த்த மறுகணமே, பிறவியில் பார்வையற்ற பிள்ளை "அம்மா!" என்று கூவித் தாயைக் கட்டிக் கொள்வதைக் கதைகளில் படித்துக் கண் கலங்குகிறோம். சரித்திரம் சொல்லும் சேதியோ வேறு.

அயர்லாந்தில் வில்லியம் மோலினக்ஸ் என்ற அறிஞர் இருந்தார். மணமான சிறிது காலத்திலேயே அவருடைய மனைவி பார்வையை இழந்து விட்டாள். அந்த வீட்டிலிருந்துதான் 1688-ல் தத்துவ ஞானி ஜான் லாக்கை நோக்கி ஒரு கேள்வி எழுந்தது. உருண்டையையும் சதுரக் கட்டியையும் தடவியே அறிந்த ஒருவனுக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வானா? பதில் வரவில்லை. 1693-ல் மறுபடியும் எழுதினார். "சொல்ல மாட்டான்" என்பது அவர் கட்சி. லாக்கும் அதை ஏற்று, மறு வருஷம் வெளியான தமது நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக் கொண்டார்.

1728-ல் லண்டன் ரணவைத்தியர் செசல்டன், தாம் கண்புரை நீக்கிய ஒரு பையனைப் பற்றி எழுதினார். நினைவு தெரியுமுன்பே பார்வை போனவன்; வயது பதின்மூன்று இருக்கும். கண் திறந்ததும் எல்லாப் பொருள்களும் தன் கண்ணைத் தொடுவது போலத் தோன்றிற்றாம். பூனை எது, நாய் எது என்று அடிக்கடி மறந்து போகும். கேட்க வெட்கம். ஒரு நாள் பூனையைப் பிடித்துத் தடவிக் கொண்டே உற்றுப் பார்த்தான். இனி உன்னை அடையாளம் கண்டு கொள்வேன் என்று அதனிடமே சொல்லி விட்டான்! படங்களைத் தொட்டுத் தட்டையாக இருக்கக் கண்டு, பொய் சொல்வது கண்ணா, கையா என்று கேட்டான்.

நமது நாட்டிலும் இது சோதிக்கப்பட்டது. பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில், 8 முதல் 17 வயது வரையுள்ள ஐந்து பேருக்குச் சிகிச்சை செய்து பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணால் கண்டதைக் கண்ணாலும், கையால் அறிந்ததைக் கையாலும் கண்டு பிடித்தார்கள். கையால் அறிந்ததைக் கண்ணால் கண்டு பிடிக்க மட்டும் முடியவில்லை. மோலினக்ஸ் சொன்னது சரிதான். ஆனால், பிறகு மறுபடி சோதித்தவர்களிடம் சில நாட்களிலேயே நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

கண் கொண்டு வருவது ஒளியும் நிறமும். அதைப் பூனையென்று சொல்வது மனத்தில் சேர்ந்திருக்கும் அறிவு. தவழும் வயதில் எல்லாவற்றையும் தொட்டும் கடித்தும் நாம் படித்த பாடம் அது. படித்ததையே மறந்து விட்டோம். ஆகவே, சிகிச்சை முடிந்த குழந்தை எதிரே நிற்கும் தாயை அறியாமல் விழித்தால், வைத்தியம் பலிக்கவில்லையென்று அழ வேண்டாம். தாய் அருகில் சென்று அதன் கையைத் தன் முகத்தில் வைக்கட்டும். பாடம் இப்போதுதான் ஆரம்பமாகிறது.