குறிகள் வகுத்த முறை

2 + 3 × 4 என்னும் கோவைக்கு விடை யாது? 20 அன்று, 14. பெருக்கலை முன்னும் கூட்டலைப் பின்னும் செய்க என்பது கணித மரபு. செயற்குறிகளும் அவற்றின் வரிசைமுறையும் மனிதர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடுகளே. அவ்வுடன்பாடுகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பெஷாவர்ப் பகுதியில் பக்‌ஷாலி என்னும் சிற்றூரில் 1881-ல் கிடைத்த பழைய கணித ஏட்டில், கூட்டலை 'யு' என்னும் எழுத்துக் காட்டுகிறது. இன்று கூட்டலைக் குறிக்கும் + என்னும் வடிவமோ, அங்கே குறை எண்ணின் அடையாளம்! 1489-ல் ஜெர்மானியரான விட்மன் அச்சிட்ட நூலில் +, − என்னும் குறிகள் இடம் பெற்றன. 1557-ல் வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்டு, இணைகோடுகளைப்போல் ஒத்தவை வேறில்லை என்று கருதி = குறியை அமைத்தார்.

நான்கு நூற்றாண்டுகள் கழித்து இக்குறிகள் கணிப்பொறியை வந்தடைந்தன. 1957-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபார்ட்ரான் மொழியில், பெருக்கலுக்கு × இல்லை. உடுக்குறியே அதன் இடத்தைக் கொண்டது. 'ந = ந + 1' என்று எழுதவும் இடமுண்டு. இயற்கணிதத்தில் இது பொருந்தாக் கூற்று. இங்கோ, 'ந-வின் மதிப்பை ஒன்று கூட்டி வைக்க' என்னும் கட்டளை. இக்குழப்பம் நேராதவாறு ஆல்கால் 60 மொழி, மதிப்பிடுதற்கு := என்னும் தனிக்குறியைக் கையாண்டது.

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி, 'பி' மொழியிலிருந்து 'சி' மொழியை உருவாக்கினார். 'பி' மொழியில் & என்னும் ஒரே குறி இருவேலை பார்த்தது: எண்களின் இருமக் கூறுகளைக் கோத்தல் ஒன்று; இரு நிபந்தனைகளை இணைத்தல் மற்றொன்று. 'சி' மொழியில் இரண்டாவது வேலைக்கு && என்னும் புதுக்குறி பிறந்தது. ஆயினும் முன்பே எழுதப்பட்ட நிரல்கள் பழுதுபடலாகாது என்று, பழைய & பழைய வரிசையிலேயே விடப்பட்டது. எனவே, 'க & ச == ட' என்று எழுதினால், முதலில் ச-வும் ட-வும் சமமா என்று பார்த்துவிட்டு, அதன் பின்னரே க-வைச் சேர்க்கும். எழுதியவர் கருதியது பெரும்பாலும் வேறாக இருக்கும்; பொறியோ மறுப்பின்றித் தவறான விடையைத் தந்துவிடும். அவ்வரிசையை மாற்றியிருப்பதே நன்று என ரிட்சியே பின்னாளில் எழுதினார்.

அன்று சில நிரல்களைக் காக்கச் செய்த ஏற்பாடு, ஜாவா, ஜாவாஸ்கிரிப்டு முதலிய மொழிகளுக்கும் மரபுரிமையாயிற்று. பைத்தானும் கோ மொழியும் அதனைத் திருத்திக்கொண்டன. ஒரு மொழியில் பழகிய கை மற்றொன்றில் இடறுவது இதனாலேயே.

இதற்குப் பரிகாரம் எளிது. ஐயம் தோன்றுமிடத்து அடைப்புக்குறி இடுக. பொறிக்கு அது மிகையாயினும், பின்னர் அதனைப் படிக்கும் மனிதருக்கு அதுவே நம் கருத்தை ஐயமறக் காட்டும்.