மூன்று நிமிஷ சங்கீதம்

வீட்டிலிருந்தபடியே சங்கீதம் கேட்க எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் நம் கர்நாடக சங்கீதத்தை அதிகம் ஆட்டி வைத்தது கிராமபோன் தட்டுதான் என்பது என் அபிப்பிராயம். 1877-இல் எடிசன் செய்த போனோகிராப், உருளையில் ஒலியைப் பதித்தது. பத்து வருஷம் கழித்து எமில் பெர்லினர் உருளைக்குப் பதில் தட்டைக் கொண்டுவந்தார். ஒரே மூலத்திலிருந்து ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம் என்றானதும் அது பெரிய வியாபாரமாயிற்று.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க், கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாக வரவேண்டும். அங்கிருப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டாமா? இதில் ஒரு வேடிக்கை. தட்டுக்கு வேண்டிய அரக்கு நம் நாட்டு மரங்களிலிருந்து கப்பலேறிப் போய், பாட்டாகத் திரும்பி வந்தது! 1908-இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகே இந்தப் பிரயாணம் ஓய்ந்தது.

நிமிஷத்துக்கு 78 சுற்று, பத்து அங்குலத் தட்டு என்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். தோடியை முக்கால் மணி ஆலாபனை செய்கிறவர் என்ன செய்வார்? ராகத்தைக் கோடி காட்டிவிட்டு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஓட வேண்டியதுதான். நிரவலுக்கு ஏது இடம்? போதாததற்கு, 1925 வாக்கில் மைக் வரும்வரை ஒரு கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும். மெல்லிய நாதம் அதில் ஏறாது. வீணை தனம்மாளின் தட்டுகள் 1932-இல்தான் வந்தன.

பெரிய வித்வான்கள் பலர் இந்தக் கூம்பைக் கண்டு தயங்கிய நாளில், துணிந்து முன்வந்தவர்கள் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற தேவதாசி மரபுப் பெண்கள். சபா வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத நம் வீட்டுப் பாட்டிமார் கூடத்தில் உட்கார்ந்து கேட்டது அவர்கள் குரலைத்தான். நம்மவர் எழுதும் சங்கீத சரித்திரங்களில் இந்தப் பெயர்கள் அபூர்வமாகவே தென்படுகின்றன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பிற்பாடு எல்லாமே வேகம். 1948-இல் எல்.பி. தட்டு வந்ததால்தான், 1963-இல் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் இடையிடையே தட்டு மாற்றாமல் வீடுகளில் ஒலித்தது. அதே 1963-இல் காசெட், 1979-இல் வாக்மேன், 1982-இல் சி.டி., 2001-இல் ஐபாட். காசெட்தான் முழுக் கச்சேரியையும் தனியாவர்த்தனத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தது. நேர நெருக்கடி தீர்ந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய 78 தட்டுகள் இருந்தால் படுக்கவைத்து அடுக்காமல், நிமிர்த்தி வையுங்கள். தேய்ந்த ஊசியை வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்த நாளில் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கணக்கு. அழுக்கு போகட்டும் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடவும் வேண்டாம். அரக்கு கரைந்து, பாட்டும் அதோடு போய்விடும்.