முதல் கேள்வி

அடிபடும் மனைவிக்கு உதவி கிடைத்த கதையைச் சட்டங்களின் வரிசையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அவள் எந்தக் கதவைத் தட்டினாள், திறந்தவர்கள் முதலில் என்ன கேட்டார்கள் என்று பார்த்தால் வேறொரு சரித்திரம் கிடைக்கும் என்று எனக்குப் படுகிறது.

இங்கிலாந்தில் 1878இல் பிரான்ஸெஸ் பவர் காப், மனைவியர் படும் சித்ரவதை பற்றிக் கட்டுரை எழுதினார். அதே வருஷம் வந்த சட்டம், பிரிந்து வாழ உத்தரவிடும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுகளுக்குத் தந்தது. ஆனால் கணவன் கொடுந்தாக்குதல் குற்றவாளியென்று தீர்ப்பாக வேண்டும். மனைவி சோரம்போனது நிரூபணமானால் ஜீவனாம்சம் கிடையாது. காயத்தோடு கற்பும் விசாரிக்கப்பட்டது.

1971இல் லண்டன் சிஸ்விக்கில் எரின் பிட்ஸியும் சில பெண்களும் ஒரு சிறு வீட்டைத் திறந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் பேச ஓரிடம், உத்தேசம் அவ்வளவே. அடிபட்டவர்கள் குழந்தைகளோடு வந்தார்கள், இரவு தங்கினார்கள். அதைப் புகலிடமாக்கியது நடத்தியவர்களின் திட்டமல்ல, வந்தவர்களின் தேவை.

சட்டம் பின்னால் வந்தது. 1976இல் விவாகரத்து வழக்குப் போடாமலே தடையுத்தரவு கேட்கலாம் என்றானது. மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவளும் கேட்கலாம். 1977இல், வீட்டிலேயே வன்முறைக்கு அஞ்ச வேண்டியவள் வீடற்றவளாகக் கருதப்பட்டாள். கூரை இருந்தும் வீடில்லை என்பதை ஒப்புக்கொள்ள அரசுக்கு இத்தனை காலம் பிடித்தது.

உதவி செய்யும் ஸ்தாபனங்களை மதிப்பிட என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. வந்தவளிடம் முதலில் கேட்பது 'சாட்சி உண்டா' என்பதா, 'குழந்தைகள் சாப்பிட்டார்களா' என்பதா?