‘கேம்’ என்னும் சொல்லும் வேட்டையின் உரிமையும்

‘கேம்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிய மெய்யியல் விவாதம் பெரும்பாலும் லுட்விக் விட்கென்ஸ்டைனிடமிருந்தே தொடங்குகிறது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1953-இல் வெளிவந்த ‘மெய்யியல் ஆய்வுகள்’ நூலின் 66-ஆம் பகுதியில் பலகை ஆட்டம், சீட்டாட்டம், பந்தாட்டம், குழந்தை தன்னந்தனியே சுவரில் பந்தை எறிந்து பிடிப்பது என அடுக்கிக்கொண்டே போகிறார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பைத் தேடினால் கிடைக்காது. ஒரு குடும்பத்தாரின் மூக்கும் நடையும் சாயலும் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒற்றுமைகளே உண்டு என்பது அவர் முடிவு. இக்கருத்தைக் கற்பிப்பவர்கள் ‘கேம்’ என்ற சொல்லையே சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அவர் எழுதியது ஜெர்மன் மொழியில். அங்கே உள்ள சொல் ‘ஷ்பீல்’. ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள ஒரு முக்கியமான பொருள் அந்த ஜெர்மன் சொல்லுக்குக் கிடையாது. வேட்டையாடப்படும் விலங்கையும் ஆங்கிலம் ‘கேம்’ என்கிறது. ஜெர்மன் அதற்கு ‘வில்ட்’ என்றும் பிரெஞ்சு ‘ஜிபியே’ என்றும் தனிச் சொற்களை வைத்திருக்கின்றன. விட்கென்ஸ்டைன் வரைந்த குடும்பப் படத்தில் இந்த உறுப்பினருக்கு இடமே இல்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்களை இணைப்பது சாயல் மட்டுமே அல்ல, ஓர் உரிமை என்பது புலப்படும். எது விளையாட்டு, அதில் யார் ஆட்டக்காரர், யார் ஆட்டத்துக்கான பொருள் என்று தீர்மானிக்கும் உரிமை அது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ஆங்கிலத்தில் ‘கமென்’ என்றால் மகிழ்ச்சி, களிப்பு. அங்கிருந்து களிப்பூட்டும் செயலுக்கும், பிறகு வேட்டை என்ற களிப்புக்கும், கடைசியில் அந்தக் களிப்புக்காகக் கொல்லப்படும் உயிருக்கும் பொருள் நகர்ந்தது. இந்தக் கடைசி நகர்வைப் பேச்சு வழக்கின் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதைக் கெட்டிப்படுத்தியது சட்டம். 1381-இன் உழவர் கிளர்ச்சி அடங்கிப் பத்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், இரண்டாம் ரிச்சர்ட் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத சாமானியன் வேட்டை நாயோ வலையோ வைத்திருக்கக் கூடாது என்றது அது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது: நல்ல கிறித்தவர்கள் தேவாலயத்தில் இருக்கும் திருநாள்களில் கைவினைஞர்களும் கூலிகளும் வேட்டைக்குப் போகிறார்கள், அந்தச் சாக்கில் கூடிச் சதி செய்கிறார்கள். ஒரே செயல் கனவானுக்குக் களிப்பு, கூலிக்காரனுக்குக் கலகம்.

1671-இன் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. ஆண்டுக்கு நூறு பவுன் வருமானம் தரும் சொந்த நிலமோ, அதற்கு ஈடான வேறு தகுதியோ இருந்தால்தான் ஒருவன் கேம் கொல்லலாம். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க நாற்பது ஷில்லிங் நிலம் போதும். ஒரு கௌதாரியைச் சுட அதைப்போல் ஐம்பது மடங்கு வேண்டும். இந்த முரணைச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். 1755-இல் கேம் விற்பனையும் முற்றிலும் தடை செய்யப்பட்டது. பரிசாகக் கொடுக்கலாம், காசுக்கு விற்கக் கூடாது. சந்தைக்கு வர முடியாத இறைச்சி, நிலக்கிழார் தம் தயவைக் காட்டும் அடையாளமானது. 1828-இன் சட்டப்படி இரவில் திருட்டு வேட்டையாடி மூன்றாம் முறை பிடிபட்டவனுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். 1831-இல் நிலத் தகுதி நீக்கப்பட்டபோதும் கேம் எது என்பதற்குப் பட்டியல் போடவேண்டியிருந்தது. காட்டு முயல், பெசன்ட், கௌதாரி முதலியவை அதில் உண்டு. வளை தோண்டி வாழும் சிறு முயல் இல்லை. எந்த விலங்கியல் காரணத்தாலும் இந்தப் பிரிவினையை விளக்க முடியாது.

இனி மெய்யியலுக்குத் திரும்புவோம். விட்கென்ஸ்டைனுக்கு மறுப்பாக பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் ‘வெட்டுக்கிளி’ நூலில் ஒரு வரையறை தந்தார். தேவையற்ற தடைகளைத் தாமாகவே ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அதன் சாரம். நான் அறிந்த வரையறைகளில் இதுவே கூர்மையானது. வேட்டைக் கனவானுக்கு அச்சாகப் பொருந்துகிறது. உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடுவது இழுக்கு என்று அவர் கருதுகிறார். பருவம் பார்த்துத் துப்பாக்கியை எடுக்கிறார். எளிய வழியைத் தாமே விலக்குகிறார். திருட்டு வேட்டைக்காரனுக்கோ கண்ணியும் வலையும் போதும். அவனுக்குத் தடை வேண்டாம், இறைச்சி வேண்டும். சூட்ஸின் கணக்குப்படி அவன் விளையாடவே இல்லை. அப்படியானால் பசி இல்லாதவனுக்கே தேவையற்ற தடையை ஏற்கும் வசதி உண்டு. அந்த வசதியைத்தான் 1671-இன் சட்டம் நூறு பவுன் என்று அளந்தது. தடையைத் தாமாக ஏற்றவர் யார் என்று சூட்ஸ் கேட்கிறார். எதிரே ஓடும் முயல் எதை ஏற்றது என்ற கேள்விக்கு அவர் வரையறையில் இடமில்லை.

அந்தக் கேள்விக்கு ஆங்கில மொழியே ஒரு விடை தந்திருக்கிறது. ‘கேம்’ பெயரடையாக வரும்போது துணிவுள்ள, எதற்கும் தயாரான என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் சேவற்சண்டைக் களத்திலிருந்து வந்தது இந்தப் பொருள். காலில் கத்தி கட்டி இறக்கிவிடப்பட்ட சேவல், குருதி கொட்டியும் பின்வாங்காமல் நின்றால் அதைப் புகழும் சொல் இது. பந்தயம் கட்டியவர்கள் தேர்ந்தெடுத்த சாவுக்குச் சேவலின் சம்மதத்தை இந்தச் சொல்லே வாங்கிக் கொடுத்துவிடுகிறது. 1835-இல் இங்கிலாந்து சேவற்சண்டையைத் தடை செய்தது. ஒருவரிடம் “தயாரா?” என்று கேட்க அந்தச் சொல் இன்றும் பயன்படுகிறது. வேட்டையாடப்படுவது ஒருபுறமும், மனமுவந்து இறங்குவது மறுபுறமுமாக, நேர் எதிரான இரண்டு பொருள்கள் ஒரே சொல்லில் தங்கியிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். சொல்லின் பழைய வரலாறு இன்றைய பொருளைத் தீர்மானிக்காது, கணினியில் விளையாடும் சிறுவன் முயலை நினைப்பதில்லை என்பது முதல் மறுப்பு. அவன் நினைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் சொல்லின் வேரை வைத்து வாதிடவில்லை, நடப்பு வழக்கை வைத்து வாதிடுகிறேன். பழித்துரைக்கத் தடையில்லாதவர் என்று கருதப்படும் பிரமுகரை ஆங்கில இதழ்கள் இன்றும் ‘ஃபேர் கேம்’ என்கின்றன. சட்டப்படி கொல்லத்தக்க விலங்கு என்ற பொருளை அறியாமல் அந்தத் தொடரின் கடுமையை உணர முடியாது. இரண்டாம் மறுப்பு வலிமையானது. நாடுகளின் போட்டியை ‘கிரேட் கேம்’ என்று 1840-இல் எழுதிய பிரிட்டிஷ் அதிகாரி ஆர்தர் கானலி, மத்திய ஆசியாவில் நல்லது செய்யும் உயர்ந்த பணி என்ற நம்பிக்கையோடுதான் அதை எழுதினார். 1842-இல் புகாராவில் தலை வெட்டப்பட்டு மாண்டார். தாமே உயிரைப் பணயம் வைத்தவரிடம் வேட்டைக்காரனின் திமிரைக் காண்பது நியாயமா? நியாயமில்லை. ஆனால் கானலியின் நேர்மை என் வாதத்தைக் குலைக்கவில்லை. அவர் ஆட்டக்காரராகத் தம் விருப்பத்தோடு இறங்கினார். அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் படையெடுப்பைச் சந்தித்த ஆப்கானிய மக்களை ஆட்டத்துக்கு வருகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டக்காரர் நல்லவராக இருப்பதால் ஆடுகளமாக்கப்பட்டவர் ஆட்டக்காரராகிவிடுவதில்லை.

தமிழகத்துக்கும் இந்தச் சொல் சட்டமாகவே வந்து சேர்ந்தது. நீலகிரியில் 1877-இல் வேட்டைப் பிரியர்களின் ‘கேம்’ சங்கம் தோன்றியது. இரண்டே ஆண்டில், 1879-இல், சென்னை அரசு நீலகிரிக் கேம் மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வரையாடு அழியாமல் தப்பியதில் அந்தச் சங்கத்துக்குப் பங்குண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் இருளரும் குறும்பரும் உணவாகக் கொண்டிருந்த காட்டுயிர்கள் அதன்பின் உரிமம் பெற்றவரின் பொழுதுபோக்குக்கான இருப்பாகக் கணக்கிடப்பட்டன. 1972-இன் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் ‘பிக் கேம்’, ‘ஸ்மால் கேம்’ என்ற பெயர்களிலேயே வேட்டை உரிமங்களை வகுத்தது. 1991-இன் திருத்தம் அந்த உரிமங்களை நீக்கியது. இங்கிலாந்தில் 1831-இன் சட்டம் பல மாற்றங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது.