ஐந்தாவது கியரும் பழங்கல்லின் படியும்

ஓசூர் மலைமீதுள்ள சந்திரசூடேசுவரர் கோயிலின் கல்வெட்டுகளைக் காணச் சென்ற நாம், வேறொரு பழைமையையும் கண்டு திரும்பினோம். பாகலூர் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், நம் குழு நண்பரின் புல்லட் கியர்பெட்டி கழற்றப்பட்ட நிலையில் நின்றிருந்தது. 1960களில் திருவொற்றியூரில் உருவான வண்டி. நண்பரின் தந்தையார் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் ஓட்டியது. பல்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன. பழைய நான்கு கியர் பெட்டியையே செப்பனிடுவதா, ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவதா என்பதே நண்பரின் தவிப்பு.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். சென்னையில் என்ஃபீல்டு தொடங்கியது 1955இல். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வந்த அந்த வடிவமைப்பில் என்ஜின் தனி, கியர்பெட்டி தனி. நான்கு கியர்களைக் கொண்ட அந்த ஆல்பியன் பெட்டிக்கு வலக்காலால் கியர் மாற்ற வேண்டும். எந்த உயர் கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனி நெம்புகோல் ஒன்றும் உண்டு. அமெரிக்கா 1970களில் இடக்கால் கியரை விதியாக்கியபின் உலகம் இடப்பக்கம் சாய்ந்தது. சென்னையோ பல ஆண்டுகள் வலப்பக்கமே நின்றது. 2000களின் தொடக்கத்தில்தான், பழைய பெட்டியின் இடத்திலேயே அமரக்கூடிய ஐந்து கியர் பெட்டி வந்தது. 2009 முதல் வந்த புதிய என்ஜின்களில் என்ஜினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் சேர்ந்துவிட்டன. தனித்தனியாக இருந்ததால்தான் பழைய வண்டிக்கு இந்த மாற்றம் எளிதாகிறது.

ஐந்தாவது கியர் வந்தால் வேகம் கூடும் என்பது பலரின் நம்பிக்கை. இங்கே அது பொருந்தாது. பழைய பெட்டியின் நான்காவது கியரும் புதிய பெட்டியின் ஐந்தாவது கியரும் ஒன்றுக்கு ஒன்று என்ற அதே விகிதம்தான். முதல் கியரோ ஏறத்தாழ 2.8இலிருந்து 3.1ஆக மாறுகிறது. படிகள் நெருங்குகின்றன, ஏற்றத்தில் என்ஜின் திணறுவது குறைகிறது. கிருஷ்ணகிரியைவிட ஓசூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். இங்கிலாந்தில் பழைய எம்ஜி, ட்ரையம்ப் கார்களுக்கு ஃபோர்டு சியராவின் பெட்டியைப் பொருத்துவோரின் நோக்கம் வேறு. அதன் ஐந்தாவது கியர் 0.82. நெடுஞ்சாலையில் என்ஜின் மெதுவாகச் சுற்றி ஓய்வாக ஓடும்.

ஓசூரும் ஐந்தாவது கியரை அறியாத ஊரன்று. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட்டைத் தந்த ஊர், பின்னர் சுசுகியின் துணையோடு நான்கு கியர் ஷோகனையும் ஐந்து கியர் ஷாவ்லினையும் தந்தது. 2001இல் அந்தக் கூட்டு முடிந்தது. 2017இல் ஆறு கியர் அப்பாச்சி ஆர்ஆர் 310 இங்கிருந்தே வெளிவந்தது. 2020இல் இங்கிலாந்தின் பழம்பெரும் நார்ட்டன் நிறுவனத்தையே டிவிஎஸ் வாங்கியது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் வரைபடத்தைப் பார்த்து வண்டி செய்த தமிழகம், இன்று அங்குள்ள ஒரு பெயரைக் காக்கிறது!

சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் கூறியது. 50 ஆண்டுகளைக் கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டு விதியும், சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவை மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. எனவே கைவைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

சட்டத்தைத் தாண்டியும் ஒரு கேள்வி இருக்கிறது. வலக்கால் கியர் இடக்காலுக்குப் போனால், இடக்கால் பிரேக் வலக்காலுக்கு வரும். தந்தையின் கால்கள் பழகிய வண்டி அதுவாக இருக்குமா? "ஓடாம நிறுத்தி வச்சா மட்டும் அப்பா வண்டியா சார்?" என்றார் மெக்கானிக். நம்மிடம் பதில் இல்லை.

அப்போது நமக்கு நினைவுக்கு வந்தவர் செம்பியன் மாதேவியார். திருக்கோடிக்காவில் பழைய கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழங்கற்களில் இருந்த சாசனங்களை அவர் வீணாக்கவில்லை. புதிய சுவர்களில் படியெடுத்து வெட்டச் செய்தார், அவை படிகள் என்ற குறிப்போடு. கட்டடம் மாறியது, நினைவு மாறவில்லை. மாற்றியதை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மையே நாம் வியப்பது.

நண்பர் ஐந்து கியருக்கே இசைந்தார், அலுவலகத்தில் கேட்டபிறகு என்ற நிபந்தனையோடு. ஆல்பியன் பெட்டி எண்ணெய் பூசிய துணியில் சுற்றப்பட்டு, ஒரு மரப்பெட்டிக்குள் வீட்டுக்குச் சென்றது. உள்ளே ஒரு தாளும் வைத்தோம். எந்த வண்டியுடையது, யார் ஓட்டியது, ஏன் கழற்றப்பட்டது என்று நண்பரே தம் கையால் எழுதினார். பிற்காலத்தில் எவரேனும் திரும்பப் பொருத்த நினைத்தால், அவர்களுக்கு அது போதும்.