துடைப்பானும் அதன் விசையும்

மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் விழும் மழைநீரை அகற்றும் துடைப்பானின் வரலாறு, அது தனக்கு வேண்டிய விசையை எங்கிருந்து பெற்றது என்பதன் வரலாறேயாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தவரான மேரி அன்டர்சன் 1903 நவம்பர் 10ஆம் திகதி காப்புரிமை பெற்ற துடைப்பானுக்குச் சாரதியின் கையே விசை. உள்ளிருந்து நெம்புகோலை அசைக்க, வெளியே இறப்பர்த் தகடு கண்ணாடியைத் துடைத்தது. அதனைத் தயாரிக்க எவரும் முன்வராத நிலையில், 1920இல் காப்புரிமைக் காலம் முடிவுற்றது.

பின்னர் வந்தது வெற்றிட மோட்டர். எஞ்சின் எரிபொருட் கலவையை உறிஞ்சும் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தை ஓர் இறப்பர்க் குழாய் வழியே எடுத்து, துடைப்பானை இருபுறமும் அசைப்பதே அதன் தத்துவம். செலவில்லாத விசை என்று இதனை மெச்சியோர் ஒன்றை எண்ணிப் பார்த்தாரல்லர். சாரதி அக்சிலரேற்றரை அழுத்தும்போது காற்று வரும் வாயில் அகலத் திறக்கும், வெற்றிடம் குன்றும், துடைப்பான் தளர்ந்து, சிலவேளை நின்றேவிடும். 1953 முதல் 1959 வரை வெளிவந்த போர்ட் அங்கிலியா 100இ இவ்வகையினது. அத்தகைய வண்டியில் அடைமழையிற் கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறுபவர் வேகத்தையோ பார்வையையோ இழந்தாக வேண்டும். காலைச் சற்றே எடுத்து, ஒரு வீச்சுப் பெற்று, மீண்டும் அழுத்துவதே வழி. கராச்சில் வெடித்த இறப்பர்க் குழாயை மாற்றலாம். ஏற்றத்தில் நிற்பதை மாற்றவியலாது. குறை கருவியிலன்று, தத்துவத்திலேயே இருந்தது.

ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1926இலேயே மின் துடைப்பானை விற்பனைக்குக் கொணர்ந்திருந்தது. அங்கிலியாவோ 1959இல் வந்த 105இ வடிவத்திலேதான் மின்மோட்டருக்கு மாறிற்று. விசை இப்போது பற்றரியிலிருந்து வந்தமையால், ஏற்றமும் இறக்கமும் துடைப்பானுக்கு ஒன்றாயின.

ஆயினும் பழி மோட்டரை விட்டகலவில்லை. மொறிஸ் மைனர் முதலிய பிரித்தானிய வண்டிகளில் மோட்டர் துடைப்பானை நேரே சுழற்றுவதில்லை. பல்வெட்டப்பட்ட வளையுங் கம்பியொன்று குழாயொன்றினுள் முன்னும் பின்னும் ஓடி, துடைப்பான் அச்சுகளிலுள்ள பற்சில்லுகளைத் திருப்பும். ஆண்டுகள் செல்லக் குழாயினுள் இட்ட கிறீஸ் காய்ந்து பசைபோல் இறுகும். மோட்டர் திணறும், மின்னோட்டம் மிகும், சுருள்கள் சூடேறும். பலர் உடனே புது மோட்டர் தேடுவர். இது வீண் செலவு. கம்பியை மோட்டரிலிருந்து கழற்றிப் பார்த்தல் வேண்டும். தனித்த மோட்டர் தடையின்றிச் சுழலுமாயின் குற்றம் குழாயிலோ பற்சில்லுகளிலோ உள்ளது. அப்போதும் அது மந்தமாயின் காபன் தூரிகைகளின் தேய்வையும், துருவேறிய புவித்தொடுப்பையும் ஆராய்க. காய்ந்த கிறீசை நீக்காது பூட்டிய புது மோட்டரும் பழையதைப் போலவே சூடேறிக் கெடும்.