தாயின் இசைவும் 'பெற்றோர்' என்னும் சொல்லும்: மலேசிய இந்துத் தமிழ்ப் பெண்களின் வழக்குகள் (2002–2018)

இந்தியாவின் மதமாற்றத் தடைச் சட்டங்கள் கட்டாயத்தை வன்முறை, ஆசைகாட்டல், மோசடி ஆகியவற்றால் வரையறுக்கின்றன. தமிழ்நாடு 2002இல் இயற்றி 2004இல் கைவிட்ட சட்டமும் அத்தகையதே. மாற்றப்படுபவர் பெண்ணாகவோ சிறாராகவோ இருப்பின் தண்டனை கூடும் என்றும் அது விதித்தது. மலேசியாவில் சிறுபான்மையினரான இந்துத் தமிழ்ப் பெண்கள் சிலர் எதிர்கொண்ட கட்டாயம் இவ்வரையறைக்குள் எளிதில் அடங்குவதன்று. இஸ்லாத்தைத் தழுவிய கணவர், தாயின் இசைவின்றியே பிள்ளைகளையும் மதம் மாற்றுவார். தாயின் சமயம் மாறாது. அதைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் உரிமையே பறிபோகும்.

சியாமளா சத்தியசீலன் வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அவருடைய பிள்ளைகள் இருவர் 2002 நவம்பரில் மதம் மாற்றப்பட்டனர். 1988இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 121(1அ) பிரிவு, சரியா நீதிமன்றத்திற்குரியவற்றில் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்கிறது. அதனால் மதமாற்றத்தின் செல்லுபடியை ஆராய உயர்நீதிமன்றம் முன்வரவில்லை. முஸ்லிம் அல்லாத தாய்க்கோ சரியா நீதிமன்றத்தில் வழக்காட இடமில்லை. பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பைத் தாய்க்கு வழங்கிய 2004ஆம் ஆண்டு ஆணை, தம் சமயத்தை அவர்களுக்குக் கற்பித்தால் அவ்வுரிமையை இழக்க நேரும் என எச்சரித்தது. தாய்மைக்கு விதிக்கப்பட்ட இந்நிபந்தனை, மதமாற்றச் சான்றிதழைவிடக் கடுமையானது. அவர் நாட்டைவிட்டு வெளியேறிய நிலையில், 2010இல் கூட்டரசு நீதிமன்றம் சட்ட வினாக்களுக்கு விடையளிக்க மறுத்தது.

சிக்கலின் வேர் ஒரு சொல்லில் இருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்பது அரசமைப்பின் 12(4) பிரிவு. ஆங்கிலப் பாடத்தில் அச்சொல் ஒருமையில் உள்ளது. மலாய்ப் பாடம் 'தாய் அல்லது தந்தை' என்கிறது. (தமிழில் 'பெற்றோர்' பலர்பாலாகவே வழங்குவதால் இவ்வையம் எழ வாய்ப்பே இல்லை.) சுபாஷினி வழக்கில் 2007 டிசம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் ஒருவரின் முடிவே போதும் என்றனர்.

ஈப்போவைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகள் 2009 ஏப்ரலில் மதம் மாற்றப்பட்டனர். அவர்களை நேரில் அழைக்காமலே சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. பேராக் மாநிலச் சட்டமோ மதம் மாறுபவர் உறுதிமொழியைத் தாமே கூற வேண்டும் என்கிறது. 2013இல் உயர்நீதிமன்றம் சான்றிதழ்களை நீக்கியது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஒருதலைப்பட்ச மதமாற்றத்தைத் தடுக்கும் 88அ விதியை 2017 ஆகஸ்டில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே நாடாளுமன்றம் தவிர்த்ததை நீதிமன்றமே தீர்க்க வேண்டியதாயிற்று. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நீதிபதி சைனுன் அலி எழுதிய தீர்ப்பின் வழி, இருவரின் இசைவும் தேவை என ஒருமனதாக அறிவித்தது.

தந்தையைக் கைது செய்யுமாறு 2016 ஏப்ரலிலேயே அந்நீதிமன்றம் காவல்துறைத் தலைவருக்கு ஆணையிட்டிருந்தது. பதினொரு மாதக் குழந்தையாகத் தந்தையால் கொண்டுசெல்லப்பட்ட இளைய மகளுக்குத் தீர்ப்பு வந்தபோது ஒன்பது வயது. அப்போதும் அவள் தாயிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.